மூன்றாவது பற்பசை

வாய் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீரோடு வெள்ளையாக ஏதோ விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். தோல். உள்கன்னத்திலிருந்து உரிந்து வந்திருந்தது. குழாயைத் திறந்து அதைத் தள்ளிவிட்டாள்.

கண்ணாடிக்குக் கீழே மூன்றாவது பற்பசை நின்றிருந்தது. பல் கூச்சத்துக்கானது. மூன்றையும் கொண்டுவந்தவர் தங்கையின் கணவர். மருந்துக்கடையில் வேலை. அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்று, குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, மறுநாளே ஒன்று கொண்டுவந்தார். எரிந்தது. சொன்னாள். இரண்டாவதில் நாக்கின் ஓரம் புண்ணானது. அதையும் சொன்னாள். மூன்றாவதை நீட்டும்போது அவர் சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கு பேஸ்ட் தேடுறது பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுற மாதிரி ஆயிடுச்சு. எதுவும் அமைய மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஐம்பது வயதைத் தாண்டியும் கல்யாணமாகாமல், குடியிருந்த வாடகை வீட்டையும் இடிக்கப்போகிறார்கள் என்றதும் தங்கை வீட்டுக்கு வந்து நிற்பவளிடம். நாக்கைக் கடித்துக்கொண்டார். சமையலறையில் தங்கை ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். அவருடைய முகத்தைப் பார்க்கத்தான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவர் கேட்டபோது, "இது நல்லா சேருது மாப்பிள்ளை" என்றாள். அவர் முகம் தெளிந்தது. அந்த வாரமே அதில் ஒரு பெட்டி வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினார்.

அவளுக்குக் கண் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிடும் வேலை. புண்ணான வாயோடு ஒவ்வொரு பெயரும் முள்ளாக இருந்தது. "சத்தமா கூப்பிடும்மா. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றார் கண்ணில் கட்டுடன் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுவும் வலித்தது.

குழந்தையின் பற்பசையை எடுத்தது அதற்கடுத்த நாள். தங்கை மகளுக்கு ஐந்து வயது. ட்யூபில் பல் தெரியச் சிரிக்கும் முயல் படம். நுரை அதிகம் வரவில்லை. எரியவில்லை. நாலைந்து நாளில் வாய் ஆறிவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. கூச்சம் திரும்ப வந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன்பின் தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு முயல் பற்பசையில் பல் தேய்த்தாள். மூன்றாவதிலிருந்தும் தினமும் கொஞ்சம் பிதுக்கித் தண்ணீரில் விட்டாள். அது குறையாமல் இருந்தால் மாப்பிள்ளை கேட்பார்.

முயல் ட்யூப் சீக்கிரமே தட்டையானது.

"இத என்ன பண்ணின?" தங்கை மகளை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தின்னியா?"

"இல்ல."

"பின்ன? எறும்பு வந்து பல்லு வெளக்கிட்டுப் போச்சா?"

"விழுங்கினா வயித்துக்கு ஆகாதுடா கண்ணு," என்றார் அப்பா. "உண்மையச் சொல்லு. அப்பா திட்டவே மாட்டேன்."

அவள் கூடத்தில் இதைக் கேட்டபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்து அலமாரியில் இருக்கும் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேருது என்றதைச் சொல்ல வேண்டும். குழந்தையின் பொருளைக் கதவடைத்துக்கொண்டு எடுத்ததைச் சொல்ல வேண்டும். கையிலிருக்கும் கவுனை மடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

"நான் திங்கலம்மா."

"பொய் சொன்னாதான் அடி."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது.

"தின்னேன்," என்றது.

"எப்போ?"

கொஞ்சம் யோசித்தது. "நீ தூங்கும்போது. முயலோட வாய்ல இருந்து எடுத்துத் தின்னேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அதை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பாத்தியா, உண்மையச் சொன்ன, யாராவது அடிச்சாங்களா?" குழந்தை இல்லை என்று தலையாட்டியது. அதன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மடித்த கவுனை அவள் உதறினாள். திரும்ப மடித்தாள்.

மறுநாள் காலை புது முயல் ட்யூப் குளியலறையின் மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

"அக்கா, நீயே பட்டாணி அளவு வெச்சுக் குடு. துப்புற வரைக்கும் கூடவே நில்லு," என்றாள் தங்கை. "உன் பேச்சுன்னா கேப்பா."

வைத்துக் கொடுத்தாள். தன் பிரஷில் மூன்றாவதை வைத்துக்கொண்டாள். இருவரும் கண்ணாடி முன்னால் நின்று தேய்த்தார்கள். ஆறியிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. குழந்தை துப்பியது. கொப்பளித்தது. மறுபடி துப்பியது. முக்காலியில் ஏறி நின்று அவள் பக்கம் திரும்பியது.

"பாரு பெரியம்மா. முழுங்கல."

அவள் தலையாட்டினாள்.

"நீ பாக்கவே இல்ல. நல்லா பாரு."

சமையலறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "என்னக்கா, இன்னைக்காவது முழுங்காம இருந்தாளா?"

அவள் வாய் நிறைய நுரை. துப்பினால்தான் பேச முடியும். குழந்தை விளக்கு வெளிச்சம் உள்ளே விழும்படி தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முடிந்தவரை திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது.