அப்பா உட்கார்ந்த நாற்காலி

என் ஓவியங்களில் மனிதர் கிடையாது, மரம் கிடையாது. சிவப்புப் பரப்பில் சாய்ந்து இறங்கும் ஒரு கறுப்புக் கோடு, கீழே நீலச் சதுரம், அவ்வளவுதான். ஓவியக் கல்லூரியில் கைதட்டினார்கள். கருணாபுரத்தில், "இன்னா சுபஸ்ரீ இது, செவுத்துக்கு அடிக்கற சாம்பிளா?" என்றார்கள். வந்த எரிச்சலில் அந்தப் படத்தையே நாற்காலியாகச் செய்தேன். சிவப்பு முதுகுப் பலகை நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். நீல இருக்கை பின்பக்கம் தாழ்ந்து இறங்கும். கால்கள் கறுப்பு.

அப்பா பெயர் பாவாடை. அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். அவர் ஒரு தடவை அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வேறு எவர் பாராட்டும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"மூட்ட தூக்கற முதுவும்மா. சாஞ்சி பழகுனா மறுநா நிமிராது."

"செத்த நேரம் குந்துனா இன்னா கொறஞ்சிடும்?"

"ஒருநா குந்தறேன்," என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த வாரம் தெருவுக்குள் வந்த பாக்கெட் சாராயத்தில் விஷம் இருந்தது. உடம்பு வலிக்கு அவரும் குடித்திருந்தார். காலையில், "கண்ணு தெரியலம்மா," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசலில் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். சாமியானாக் கடையில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. வீட்டுக்கு வீடு சாவு. பக்கத்து வீட்டு இருசம்மாள் அத்தை உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கிவந்தாள். நான் தடுக்கவில்லை.

பிணம் முன்னால் சரியாமல் இருக்க இடுப்பில் துண்டு போட்டுக் கட்டுவது வழக்கம். அப்பாவைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. இருக்கையின் இறக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. முதுகு முழுக்கப் பலகையில் படிந்தது. என் அளவெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"கட்டவே வேணாம். எப்டி அசையாம குந்திக்கினு இருக்காரு பாரு," என்றாள் அத்தை.

ஆண்கள் அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனதும், நாற்காலியை உடைக்கக் கொடுவாளைத் தேடினேன். அத்தை வந்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் இளமாறனும் அதே சாராயத்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"எளமாறனக் கொண்டாந்துட்டாங்கம்மா. எம் புள்ளையக் கட்டிப்போட எனக்கு மனசு வர்ல. இதக் குடு."

அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். தெருவில் தூக்கிக்கொண்டு போகும்போது எதிர்வீட்டுக் கண்ணாயிரம் வாசலில் நின்றிருந்தார். அவர் வீட்டுக்குள்ளிருந்தும் ஒப்பாரி கேட்டது.

"அடுத்தது எங்க வூட்டுக்கு அனுப்பும்மா," என்றார்.