துணியில் ஓடிய தாமிரபரணி

வெள்ளம் வடிந்த நாலாம் நாள், வண்ணார்பேட்டையில் அந்தத் தெருமுனையில் துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சேற்றில் ஊறிய சேலை, மெத்தை, பள்ளிச் சீருடை எல்லாம் மாநகராட்சி வண்டிக்குக் காத்திருந்தன. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் ஒரு படுக்கை விரிப்பைப் போடப் போனபோது, ராஜராஜேஸ்வரி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை என்கிட்ட குடுங்க மதினி."

"நாலு தடவை அலசிட்டேன், கறை போகமாட்டேங்கு. இதை வச்சு என்ன செய்யப் போறிய?"

"இன்னும் தெரியல. குடுங்க, பாப்போம்."

முப்பது வருஷம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். வீட்டுக்கு வந்து விரிப்பை உதறிப் பிடித்தாள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வளைந்து போன சேற்றுக் கறை, பாபநாசத்தில் இறங்கிச் சேரன்மகாதேவி வழியாக வரும் ஆற்றைப் போலவே இருந்தது. இப்படிப்பட்ட துணிகளைச் சேர்த்து ஆற்றின் வரைபடத்தையே தைத்துவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இருபத்து மூன்று வீடுகள் துணி கொடுத்தன. தையல்கடை அசன் மைதீன், பரணில் தப்பிய பச்சைக் கைலி ஒன்றை எடுத்துவந்தார்.

"ஆத்துக்குக் கறைத்துணி சரி டீச்சர். வயலுக்கு நல்ல துணி வேணும்லா?"

சோடா போட்டு அவித்து, அலசி, மொட்டைமாடியில் உலர்த்தினாள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் கோமதிசங்கர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வீடு பூரா சேத்து நாத்தம். இதையா ராஜி சுவத்துல மாட்டப் போறே?" என்றார். ஒரு மாதம் கழித்து அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய தையலைப் பிரித்துக் கொடுத்தார்.

அரிசிச் சாக்குகளை இணைத்து ஒன்பது அடிக்கு அடித்துணி செய்தாள். கருநீலச் சீருடைகள் பொதிகை மலையாயின. காவி வேட்டி சாத்தான்குளத்துச் செம்மணல் தேரியானது. கறைத்துணிகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து புன்னைக்காயல் வரைக்கும் ஓடின. முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. உடைந்த கட்டில் சட்டத்தைச் சீவி, தொங்கவிடும் கம்பாக்கினார் கோமதிசங்கர்.

அந்தச் சமயத்தில் ஊரிலுள்ள ஒரு கல்லூரி, வீட்டில் கழித்த பொருள்களால் செய்த கலைக்குக் கண்காட்சி வைத்தது. பொறுப்பாளர் பத்மப்ரியா என்ற இளம் பேராசிரியை. டீச்சரும் கணவரும் கொண்டுபோனதை விரித்துப் பார்த்தவள் தயங்கினாள்.

"வேலை ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். ஆறு மட்டும்தான் அழுக்கா தெரியுது. அதுக்கு நீலச் சாயம் குடுத்திரலாமா?"

"முப்பது வருஷமா பிள்ளைகளை மேப்புல ஆத்துக்கு நீலம் அடிக்கத்தான் சொன்னேன்மா. அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி நீலமா இல்ல. இது அந்தத் தண்ணியே பூசுன நிறம். மாத்தணும்னா நான் சுருட்டிக்கிட்டுப் போயிருதேன்."

குரல் உயரவே இல்லை. பத்மப்ரியா கூடத்தில் இடம் தராமல், மாடிப்படி ஓரத்துச் சுவரைக் காட்டினாள். கோமதிசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பைய இருங்க," என்று அவரை அடக்கிவிட்டு டீச்சர் அங்கேயே மாட்டி முடித்தாள்.

கண்காட்சியின் முதல் நாள் மத்தியானம் தெருவே வேன் பிடித்து வந்து இறங்கியது. ஆளாளுக்குத் தங்கள் துணியைத் தேடினார்கள். அசன் மைதீன் கைலியை ஸ்ரீவைகுண்டத்து வயலில் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் தொட்டுப் பார்த்தார். பார்வதியம்மாளோ முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இங்கன பாருங்க, பாபநாசத்துல இருந்து நம்ம ஊரு வரைக்கும் ஓடுதது எங்க வீட்டு விரிப்பு."

கூட்டம் படிக்கட்டை அடைத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் தண்ணீர் ஏறிய உயரத்தைக் கையால் காட்டிக் காட்டிப் பேசினார்கள். பத்மப்ரியா ஓரமாக நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஆறு கூடத்தின் நடுச்சுவருக்கு வந்துவிட்டது.

"நான் அன்னைக்குச் சாயம் குடுக்கச் சொன்னது தப்பு டீச்சர்," என்றாள் அவள், கையில் வெற்றுப் பெயர் அட்டையோடு. "இதுல யார் பேரை எழுதட்டும்?"

"இருபத்து மூணு வீட்டுப் பேரையும் எழுதணும்மா. சின்ன எழுத்துல எழுதுனா எல்லாம் பிடிக்கும்."

"சரி, எழுதிரலாம்."

ராஜராஜேஸ்வரி ஒன்பது அடியையும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கையில் வாங்கினாள்.

"முதல்ல என் பேரு. அதை நானே எழுதுதேன்."