சுத்தியல் சொன்ன மூன்று வரிகள்

...சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், இதைவிட எளிய வேலை உலகத்தில் கிடையாது, அக்கா அப்படித்தான் சொல்லிவிட்டு அந்தத் தடித்த கதவைச் சாத்தினாள், சாத்தியதும் யாரோ பின்னால் நின்று இரண்டு காதையும் பொத்தியது மாதிரி உலகம் அறுந்துபோனது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. ஒரு நாற்காலி, தலையில் ஹெட்போன், கையில் வயரோடு ஒரு பொத்தான், எதிரே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப்பக்கம் அக்கா. அவளுடைய காது சோதனைக் கூடத்தில் இந்த அறை குழந்தைகளுக்காகச் செய்தது, அவனுக்கு முழங்கால் இடித்தது. "சும்மாதானே உக்காந்திருக்கே, அது ஓடி முடியறவரைக்கும் உன் காதைப் பாத்துடறேன். வேலை நேரம் பூரா ஹெட்போனை மாட்டிக்கிட்டு எவன்கூடவோ மல்லுக்கு நிக்கறியே, காது இருக்கா போயிடுச்சான்னு தெரியட்டும்." அது என்று அவள் சொன்னது, வெளியே மேசைமேல் இருக்கும் கணினியில் அழிந்த கோப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் நிரலை. நாற்பத்தொரு சதவீதம். நூறைத் தொட்டாலும் ஒன்றும் வராது என்று நாலு சதவீதத்திலேயே அவனுக்குத் தெரியும், தெரிந்தும் ஓடவிட்டிருந்தான், அது ஓடும்வரை வாயைத் திறக்க வேண்டியதில்லை அல்லவா... வலது காதில் ஒரு பீப். அழுத்தினான்.

காலையில் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் முடிந்து சட்டையில் அந்தக் குளிர்வாடை போகும் முன்பே அக்காவின் அழைப்பு, கம்ப்யூட்டர் என்னவோ சொல்லுதுடா, வந்து பாரேன். வந்து பார்த்தான். பன்னிரண்டு வருஷக் கோப்புகள், ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது, திரையின் நடுவில் ஒரு கடிதம், பதற வேண்டாம், உங்கள் கோப்புகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. "வைரஸ்காரன்கூட வாடகை கேக்கற நம்ம வீட்டுக்காரரைவிட மரியாதையா எழுதறான் பாரு" என்று அக்கா சிரித்தாள், அப்போது அவளுக்கு விஷயம் முழுசாக உறைக்கவில்லை. நகல் எடுத்து வச்சிருக்கியா என்று கேட்டான். இருக்கே என்று பெருமையாகக் காட்டினாள், கணினியின் பக்கவாட்டிலேயே செருகியபடி ஒரு சின்னப் பெட்டி, அதிலும் வால். பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து வாளிக்காரியைப் பற்றிச் சொன்னாள்.

வாளிக்காரிக்கு நாலரை வயது. குழந்தைகளுக்குப் பொத்தான் கொடுப்பதில்லை, சத்தம் கேட்டதும் ஒரு மரக்கட்டையை வாளியில் போட வேண்டும், அவள் போடமாட்டாள், எறிவாள், அதனால் அந்தப் பெயர். மூன்று வருஷத்தில் ஏழு தடவை வந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. நாளைக்குக் காது அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கும் நாள். "இன்னிக்கு ஒரு சோதனை எடுத்துக் குடுத்துடலாம்டா, ஆனா அது எவ்வளவு கேக்குதுன்னுதான் சொல்லும், கொறைஞ்சுக்கிட்டே வருதுன்னு சொல்லாது. அதுக்குப் பழைய ஏழும் வேணும். அவங்கம்மா தாளை எல்லாம் வீடு மாத்தும்போது தொலைச்சுட்டாங்க. நான் வாயால சொன்னா எழுதிக்குவாங்களா? இன்னும் ஆறு மாசம் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. ஆறு மாசத்துல அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும்?" அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் தாளை அவன் பார்த்தான்.

மூன்று வரிகள். அக்காவின் கையெழுத்து, ஆனால் வரிகள் அவனுடையவை. அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி, ஒன்று, இரண்டு, மூன்று. சொந்தக் குரலை வேறொருவர் வாயில் கேட்டது மாதிரி இருந்தது. "அது கம்ப்யூட்டர் சந்தேகம் கேக்கற அந்தத் தளத்துல ஒருத்தர் சொன்னதுடா, நீதானே ஒரு காலத்துல அந்தத் தளத்தைக் காட்டினே? சுத்தியல்னு பேரு. ரொம்ப விவரமானவரு. சோதனை நடுவுல மெஷின் தானா அணைஞ்சு அணைஞ்சு எழும்பும், குழந்தைங்க அழும், என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன். பூட்டுக்காரர்னு ஒருத்தர் குறுக்கே வந்து வேணாம் வேணாம்னாரு, நம்ம ஆளு குடுத்தாரு பாரு ஒண்ணு, மனுஷன் வாயே திறக்கல. உனக்குத் தெரியுமா அவரை?" தெரியாது என்றான். ஒரு பீப்... கேட்டதா? அழுத்தினான்.

தெரியாதா என்ன. கடைசி வருஷத்தில் படிப்பை விட்டவனுக்கு, கிடங்கில் இறைச்சியும் மருந்தும் உறைகிறதா என்று எட்டு மணிநேரம் எண்களை வெறிப்பவனுக்கு, உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் சுத்தியல் என்ற பெயருக்குப் பக்கத்தில் மூத்த உறுப்பினர் என்று பொன்னிறத்தில் போட்டிருக்கிறது, அங்கே யாரும் பட்டம் கேட்பதில்லை, எந்தக் கணினி வாங்கலாம், எந்தக் கைப்பேசி குப்பை, வைரஸ் தடுப்பு என்பது ஏமாற்று வேலையா, சுத்தியல் வந்து ஒரு அடி அடித்தால் விவாதம் முடிந்தது. அன்றைக்குக் கேட்டது விருந்தினர் 4471. எல்லா விருந்தினர்களையும் போல ஒரு எண். பூட்டுக்காரர் கேட்டார், நோயாளிகளின் பதிவு இருக்கும் கணினியா, அப்படியானால் நிறுத்தாதீர்கள், வேலை முடிந்தபிறகு போட்டுக்கொள்ளும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சரியான பதில். ஒரு நிமிஷ வேலை. படித்த அந்த நொடியே அது சரியென்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததுதான் எரிச்சல், ஆமாம் என்று எழுதினால் பூட்டுக்காரர் ஜெயித்ததாகிவிடும்... எழுதினான், பூட்டு விற்பவர் தெருவெல்லாம் திருடன் என்றுதான் சொல்வார், ஏழு வருஷமாக என் கணினியில் ஒரு அப்டேட்டும் போட்டதில்லை, ஒரு கொசுகூட உள்ளே வந்ததில்லை. நூற்று நாற்பத்து மூன்று விருப்பக்குறிகள். வீட்டில் அவனுடைய கணினியோ ஒவ்வொரு அப்டேட்டையும் வந்த அன்றைக்கே போட்டுக்கொள்ளும், போட்டு முடித்ததைப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது, பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம். அந்தப் பொய்யைச் சொல்லும்போது பொய் என்றே தோன்றவில்லை. எதிராளி இருக்கும்போது எது பொய்?

பூட்டுக்காரர் கடைசியாக எழுதியது ஒரு வரி. மருத்துவக் கணினி என்றால் தயவுசெய்து யோசிக்கவும், இதற்குமேல் நான் பேசவில்லை. நிஜமாகவே பேசவில்லை, அதற்குப்பிறகு அவர் எந்த விவாதத்திலும் வரவேயில்லை, ஓடிட்டாரு என்று சுத்தியலின் பக்கம் நின்றவர்கள் கும்மாளமிட்டார்கள். அதற்குக் கீழே விருந்தினர் 4471, நன்றி அண்ணா, செய்துவிட்டேன், இப்போது நிம்மதி. அதற்கும் கீழே அவன், பரவாயில்லை தங்கச்சி, எதுவானாலும் கேள். அக்கா. அவனைவிட ஆறு வயது மூத்தவள், சைக்கிள் பழக்கியவள், படிப்பை விட்டபோது வீட்டில் அவனுக்காகப் பேசிய ஒரே ஆள், அவளைத் தங்கச்சி என்று எழுதியிருக்கிறான்... வேறு வழியாகவும் வந்திருக்கலாமே, யாரோ அனுப்பிய கோப்பைத் திறந்திருக்கலாமே, அதையும் பார்த்துவிட்டான், வாதாடுகிறவன் முதலில் தேடுவது அதைத்தானே. இல்லை. எந்த ஓட்டை வழியாக வந்தது என்று பார்த்தான், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் பத்தொன்பது நாளைக்கு முன்பு வந்திருக்கிறது. இந்தக் கணினியில் எல்லாம் நிறுத்தப்பட்டு இருபத்துமூன்று நாள். நாலு நாள் வித்தியாசம். தளத்தில் எழுதிய அந்தப் பதிலை அழிக்கவும் முடியாது, எழுதி ஒரு மணிநேரம் ஆனால் திருத்தம் பூட்டிக்கொள்ளும், அந்த விதிக்காக வாக்களித்தவர்களில் அவனும் ஒருவன், சொன்ன சொல்லிலிருந்து எவனும் நழுவக் கூடாது என்று முழங்கியவன். ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள்... கீழே இன்னொரு பதில் எழுதலாம், நான் சொன்னது தப்பு, பூட்டுக்காரர் சொன்னதே சரி, நான் தினமும் அப்டேட் போடுகிறவன். எழுதலாம். யார் தடுத்தார்கள்? எங்கோ மிக மெலிதாக ஒரு ஒலி, மரக்கட்டை வாளியில் விழுகிற மாதிரி. அழுத்தினான்.

"டேய்." ஹெட்போனுக்குள் அக்காவின் குரல், தலைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி. "நான் எதுவுமே போடலையே. எதுக்கு அழுத்தினே?"

"என்னவோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"மூணாவது தடவை இப்படி. குழந்தைங்கதான் என்னைச் சந்தோஷப்படுத்தப் பொய்யா அழுத்துங்க. வாளிக்காரிகூடப் பண்ணுவா. ஆனா நிஜமாவே கேட்டுச்சான்னு கேட்டா, இல்லன்னு உடனே சொல்லிடுவா, கழுதை." கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் சிரிக்கவில்லை, கணினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்பத்தாறு ஆகியிருக்கு. வருமாடா?"

இந்த அறையில் மூச்சு கேட்கிறது, விழுங்கும் எச்சில் கேட்கிறது, கழுத்தில் ரத்தம் ஓடுவதுகூட... "பாக்கலாம்" என்றான்.

"நீ பாத்துக்கிட்டே இரு. நான் எதுக்கும் அந்தச் சுத்தியலையே கேட்டுடறேன். எதுவானாலும் கேளுன்னு சொன்னவருதானே, அண்ணான்னு கூப்பிட்டா பதில் சொல்லாமலா போயிடுவாரு?" அவள் கைப்பேசியை எடுத்தாள். தலை குனிந்து இரண்டு பெருவிரலாலும் தட்டினாள், நிறுத்தினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். வாளிக்காரியைப் பற்றியும் எழுதுகிறாளா? சுருக்கமாக எழுதத் தெரியாது அவளுக்கு. உள்ளே வரும்போது கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாளே, மறந்துவிட்டான், அது கால்சட்டைப் பைக்குள், தொடையோடு ஒட்டிக்கொண்டு.

கடைசியாக ஒரு தட்டு, சுத்தியலுக்கு அனுப்பினாள், அவன் பைக்குள் அதிர்ந்தது. வெளியே என்றால் காதிலேயே விழாத ஒரு உறுமல், இந்தப் பஞ்சுச் சுவருக்குள் மர மேசையை யாரோ இழுத்தது மாதிரி. அவனுக்கு முன்னால் இருக்கும் சின்ன மைக் வழியாக அது அந்தப்பக்கமும் போயிருக்கும். அக்கா தலையை நிமிர்த்தினாள். தன் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி வழியாக அவனை. சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்... இல்லாத சத்தத்துக்கு மூன்று தடவை துள்ளிய பெருவிரல், முதல்முறையாக நிஜமாகவே ஒன்று கேட்டபோது, பொத்தானின்மேல் அப்படியே கிடந்தது. அதுவும் தன் விரல்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.