ஆற்றாத டீ

அமீர் ஹம்சா பாய் டீத்தூள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே தூளும் இல்லை, இலையும் இல்லை. விரல் நுனி நீளத்துக்கு ஊசி ஊசியாக மொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் வெள்ளையில் மெல்லிய முடி. மலைமேல் இருக்கும் எங்கள் செம்மேட்டில், மழை விடாத ஐப்பசி மாதத்தில் எதைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும். பெல்ட்டு, செருப்பு, கல்யாணப் போட்டோ எதுவும் தப்பாது.

"பாய், பூஞ்சணம் புடிச்சுப் போச்சுங்க," என்றேன்.

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "பூஞ்சணம் இல்லீங்க மாஸ்டரே, கொழுந்தோட முடி அது. வெள்ளை டீ. சபீரா குன்னூர்ல இருந்து கொண்டாந்துச்சு. பூ வாசம் வருமாமுங்க."

சபீரா அவருடைய மகள். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டீயை வாயில் ஊற்றி ருசி சொல்வது அவள் வேலை. அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பாய் முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. என் கடையில் தினமும் நூறு பேர் சும்மாவே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"தண்ணி தளதளன்னு கொதிக்கக் கூடாதுங்க," என்றார் பாய். "அடியில பொடிப்பொடியா முட்டை கட்டறப்பவே எறக்கிப் போடோணும். கொழுந்தப் போட்டு அஞ்சு நிமிஷம் மூடி வெக்கோணும். பாலு, சக்கரை எதுவும் ஆகாது. ஆத்தவும் கூடாதுன்னு புள்ள சொல்லிச்சு. மூணு தடவைக்குத்தான் வரும், பாத்துப் போடுங்க."

தலையை ஆட்டினேன். காதில் பாதிதான் ஏறியது. நாமக்கல்லில் ஏழு வருஷம் மாஸ்டராக நின்று தொழில் படித்து, மலைக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சொந்தக் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்குப் போய் டீ போடச் சொல்லித் தருகிறார்களே என்று கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. ஆனால் டப்பாவை மூடும்போது என் மனசில் சபீராவும் இல்லை, குன்னூரும் இல்லை. கலைமணிதான் இருந்தாள்.

கலைமணி என் சம்சாரம். இதே மலையில் பைல் நாட்டுக்காரி. கடை போட்ட வருஷமே கல்யாணம். விடியக்காலையில் என்னோடு எழுந்து, போண்டாவுக்கு மாவு கரைத்து, டம்ளர் கழுவி, கடையில் பாதி பாரத்தை அவள்தான் சுமக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் கையால் போட்ட டீயை மட்டும் அவள் குடிப்பதில்லை. புதிதில் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் கழித்து, "எனக்கு வேண்டாங்க," என்றாள். அன்றோடு சரி. ஒருமுறை பால் இல்லாமல் வரட்டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, கசாயமாட்டம் இருக்குது என்று வைத்துவிட்டாள். தாகம் எடுத்தால் சுக்குத் தண்ணி, இல்லாவிட்டால் வெந்நீர். செம்மேட்டுக்கு வந்து போகிற எல்லாருக்கும் இது தெரியும். அதிலும் கண்டக்டர் இளங்கோ இருக்கிறானே, அவன் வாய்க்கு இது வெல்லக்கட்டி. "ஊட்டுக்காரம்மாவே தொடாத டீயை எங்க தலையில கட்டறீங்களே மாஸ்டர்," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு அன்று முழுக்க டிகாஷனை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொதிக்க விட்டுக்கொண்டிருப்பேன். ஊரெல்லாம் நல்ல டீ என்று சொன்னால் என்ன, அவள் ஒருத்தி ஒருதரம் சொன்னால் போதும் என்று இருக்கும். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அன்று மத்தியானமே முதல் பங்கைப் போட்டேன். பாய் சொன்னதை எல்லாம் காற்றில் விட்டேன். விசேஷமான கொழுந்து என்றால் விசேஷமான பால் வேண்டாமா? தண்ணீர் கலக்காத பாலைத் தனியாக எடுத்து, அதிலே கொழுந்தைப் போட்டு, பொங்கப் பொங்கக் காய்ச்சி, ஒரு ஏலக்காயும் தட்டிப் போட்டு, மேலே ஆடையோடு கொண்டுபோய் நீட்டினேன். கலைமணி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். "பால் காய்ச்சுனீங்களா?" என்றாள். அவ்வளவுதான். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நான் குடித்துப் பார்த்தேன். ஏலக்காய் போட்ட பால். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் காலையில் புத்தி வந்தது, அதுவும் அரைகுறையாக. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். பாய்லர் குழாயைத் திருகிக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே கொழுந்தின் மேல் பிடித்தேன். வடிகட்டினேன். அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. அது பாட்டுக்குக் குவளையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு ஆற்று, இரண்டு ஆற்று, ஆறு ஆற்று ஆற்றிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக் காற்றில் ஒரு நொடி ஏதோ வாசனை வந்து மோதியது. என்ன வாசனை என்று பிடிப்பதற்குள் போய்விட்டது. வாசலில் நின்ற இளங்கோ கை நீட்டி டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான்.

"வெந்நீரு நல்லா இருக்குதுங்க மாஸ்டர்," என்றான்.

போண்டாச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று கலைமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வாய்கூட நான் கொடுக்கவில்லை, கொடுக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. ஐம்பது வயதில் டீக்கடை முன்னால் நின்று அழுவது நன்றாக இருக்காது என்பதால் அழவில்லை. டப்பாவில் ஒரே ஒரு சிட்டிகைதான் மிச்சம் இருந்தது. அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மூன்றாம் நாள் மழை விடவே இல்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே ஏதோ ஒரு வளைவில் பாறை உருண்டு ரோட்டில் கிடக்கிறது, கீழிருந்து ஒரு வண்டியும் வராது என்று சொன்னார்கள். பால் வேனும் வரவில்லை. பதினொரு மணிக்கு நான் பாய்லரை அணைத்துவிட்டேன். தீபாவளிக்குக்கூட அணைக்காத பாய்லர். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த டம்ளர்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இங்க வாங்க," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனேன். விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தகர டப்பா அவள் கையில் இருந்தது.

"இதயும் பாழ் பண்றதுக்கு முன்னால பாய் சொன்னபடி ஒருக்காப் போடுங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ குடிப்பியா?"

"மொதல்ல போடுங்க."

சின்னச் சட்டியில் தண்ணீர் வைத்தோம். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் கடுகு கடுகாகக் குமிழ்கள் முட்டை கட்டின. இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்து இறக்கிவிட்டாள். கொழுந்தை நான் போட்டேன். தட்டை எடுத்து மூடினேன். மூடியதும் கை சும்மா இருக்கவில்லை, மேடைமேல் இருந்த குவளையைத் தேடிப் போனது. கலைமணி என் மணிக்கட்டைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம். சும்மா இருங்க."

ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் தெரிந்தது. கடையில் ஐந்து நிமிஷத்துக்குள் இருபது டீ போய்விடும். இங்கே மழைச் சத்தமும் விறகு வெடிக்கிற சத்தமும்தான். கையை வேறு அவள் விடவில்லை. செய்ய எதுவும் இல்லாததால், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்புள்ள, என் டீயில அப்புடி என்னதான் கொறை?"

"உங்க டீயில கொறை இல்லீங்க," என்றாள். இன்னொரு கையால் விறகை உள்ளே தள்ளினாள். "பாலுதான். எங்கூட்டுல நாலு மாடு இருந்துச்சு. எங்கப்பா ஒரு நாளும் கறக்க உடமாட்டாரு. அது கன்னுக்குன்னு உட்ருவாரு. நான் பால் குடிச்சு வளரலீங்க. டீ டம்ளரைக் கிட்ட கொண்டாந்தாலே எனக்கு கன்னுக்குட்டி வாய் வாசந்தான் அடிக்கும். பொழப்பே பால்ல ஓடறவருகிட்ட அதப் போயி எப்புடிச் சொல்றது?"

"புதுசுல குடிச்சியே?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "ஊட்டுக்குப் பொறவால ஒரு கருவேப்பிலைச் செடி இருந்துச்சே, ஞாவகம் இருக்குதுங்களா?"

"கரையான் தின்னு பட்டுப்போச்சே, அதுவா?"

"கரையான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ஆமான்னேன். காத்தால ஒரு டம்ளரு, சாயங்காலம் ஒரு டம்ளரு, மூணு மாசம். சக்கரையோட."

அந்தச் செடிக்கு நான் கரையான் மருந்து வாங்கி வந்து, வேரைச் சுற்றிக் குழி வெட்டிப் போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் நின்று தண்ணீர்க் குடத்தைப் பிடித்ததும் இவள்தான். முதலில் கோபம் வரப் பார்த்தது. அது பாதியிலேயே சிரிப்பாக மாறி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் வலித்தது. சர்க்கரை கம்மியா, தூக்கலா, லைட்டா, ஸ்ட்ராங்கா என்று பேர் தெரியாத லாரி டிரைவரிடமெல்லாம் கேட்கிறேன். என் வீட்டில் இருக்கிறவளிடம் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். "இப்பக் கேட்டீங்களே," என்றாள்.

தட்டைத் திறந்தோம். புது வைக்கோலை ஊற வைத்த தண்ணீரின் நிறம். இவ்வளவு வெளுப்பாக ஒரு டீயை என் கடையில் கொடுத்தால் டம்ளரோடு அடிக்க வருவார்கள். மொட்டுகள் ஊறிப் பருத்து, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன. ஆற்றாமல், அசைக்காமல் இரண்டு டம்ளரில் ஊற்றினேன். டம்ளரை முகத்துக்குக் கொண்டுபோய் அவள் குடிக்காமல் நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, இதிலும் கன்றுக்குட்டி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"காப்பிப் பூவுங்க," என்றாள்.

"என்ன?"

"மோந்து பாருங்க. பங்குனியில மொத மழை பேஞ்சு பத்து நாள்ல தோட்டம் பூராம் வெள்ளையாப் பூக்குமே, அந்த வாசம். கிட்டக்கப் போகோணும்னே இல்லீங்க. எங்கூட்டு வாசல்ல நின்னா வரும்."

மோந்து பார்த்தேன். காலமெல்லாம் டிகாஷன் ஆவியில் நின்ற மூக்கு, சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. அவள் குடித்தாள். ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். நானும் குடித்தேன். நாக்கில் ஒன்றுமே இல்லை. இளங்கோ சொன்ன வெந்நீர்தான் என்று இருந்தது. விழுங்கிய பிறகு, போனது திரும்பி வருகிற மாதிரி, தொண்டையிலிருந்து மெல்ல ஒரு இனிப்பும் அதோடு ஒரு வாசனையும் மேலே வந்தது. பங்குனி மாதம் பைல் நாட்டுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடிகள் பூத்து நின்ற வழியில் நடந்தேன். அந்த வாசனைதான். அன்று என்னோடு வந்தவர்கள் எல்லாம் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை.

நான் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமும் கேட்க நினைத்தது அந்த ஒரு கேள்வியைத்தான், ஆனால் இப்போது அது தேவைப்படவில்லை. அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகல் நேரத்தில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் பஸ் ஹாரன் கேட்டது. பாறையை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலையிலிருந்து கீழே மாட்டிக் கிடந்த சனம் மொத்தமும் ஈரத்தோடு கடை வாசலில் வந்து இறங்குகிற சத்தம். எல்லாருக்கும் மேலே இளங்கோவின் குரல்.

"மாஸ்டர்! பாய்லரை அணைச்சுப் போட்டு எங்கீங்க போனீங்க? குளுருதுங்க!"

எழுந்திருக்கப் போனேன். கலைமணி காலி டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொருக்காத் தண்ணி ஊத்துனா வருங்களா?"

வருமா, வராதா? பாய் சொன்னாரா என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. ஊறிய மொட்டுகள் சட்டி அடியில் இன்னும் நிமிர்ந்துதான் நின்றன. வேறொரு சட்டியில் தண்ணீர் எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"மாஸ்டர்!"

"இருய்யா, வாரேன்," என்று உட்கார்ந்தபடியே கத்தினேன்.

அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நானும் குனிந்தேன். அடியில் இன்னும் ஒரு முட்டைகூடக் கட்டவில்லை.