படுவான்கரையில் எழுந்த சூரியன்

1

இருட்டு மண்டபத்துக்குள் கம்சாயினி ஓடுகிறாள், படத்தை நிறுத்த. அவளே இயக்கிய முதற்படம், அதுவும் முதற்காட்சி.

(மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், வாசகரே. இந்தக் கதை எனக்கு மட்டக்களப்பில், அதே மண்டபத்தில், கண்ணகை என்ற பெண்ணுக்குப் பின்னிருக்கையில் சும்மா கிடைத்தது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வாவியின் மேல் நிலவு வெள்ளியை உருக்கி...' வேண்டாம். யாராவது ஓடினால்தான் நீங்கள் படிப்பீர்கள்.

படம் யுத்தகாலக் காதல். பழுகாமத்துப் பெண் காதலனின் தோணியில் வாவியைக் கடந்து நகரப்பக்கம் ஓடுகிறாள். நடுவாவியில் துப்பாக்கிச் சூடு, காதலன் சாகிறான். சாவு கம்சாயினியின் கற்பனை. மற்றதெல்லாம் கண்ணகை தன் கதையாகச் சொன்னது: சூடு விழுந்ததாம், திரும்பினார்களாம், பிறகு வீட்டாரே கட்டிவைத்தார்களாம். அந்தக் காதலன் அழகரத்தினம், தன் சாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டு மனைவியின் பக்கத்தில் இருக்கிறார்.

கதை தரும்போது கண்ணகை ஒன்றுதான் கேட்டிருந்தாள். "ஆராவது சிரிச்சா அந்த இடத்திலேயே படத்த நிப்பாட்டிரணும், புள்ள." கொக்கட்டிச்சோலைக் கோயிலில் வைத்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

3

ஒளிப்பதிவாளன் டிலக்சனுக்கு விடியலில் கண் திறக்காது. அந்தியில் எடுத்து, விடியல் என்று ஒட்டிவிட்டான். [வேறு ஊரில் தப்பியிருப்பான்.] தோணி புறப்பட்ட படுவான்கரையில், பொழுது படும் அந்த மேற்குக் கரையில், கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால், தகதகவென்று சூரியன்.

"மச்சான், படுவான்கரையில பொழுது எழும்புது," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

மண்டபம் குலுங்கியது. சத்தியம்! கம்சாயினி ஓடியது அப்போதுதான்.

4

முடிவு ஒன்று: கண்ணகை எழுந்து வெளியேற, கம்சாயினி கதற, மழை... (அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை.)

முடிவு இரண்டு: படம் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைக் கம்சாயினி எட்டும் முன் கண்ணகை அவள் கையைப் பிடித்தாள். முந்தானைக்குள் முகம், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். இல்லை, மண்டபத்திலேயே அதிகம் சிரித்தவள் அவள்தான். அழகரத்தினமோ, சீக்கிரம் செத்துவிட்டால் நல்லது என்பதுபோலத் திரையையே பார்த்தார்.

அந்தச் சூரியனைத் திருத்துவதா, விடுவதா? கம்சாயினி இன்னும் தீர்மானிக்கவில்லை. நானும் மாட்டேன். கண்ணகை சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்:

"நிப்பாட்டாத, புள்ள. அண்டைக்குச் சூடு கீடு ஒண்டும் விழல்ல. இவர்ர மானத்துக்காகத்தான் அப்பிடிச் சொன்னன். பனிக்குள்ள திச தெரியாம தோணி வலிச்சார், வலிச்சார். பனி விலகக்குள்ள பாத்தா எங்கட துறை. அப்பா பல்லு விளக்கிக்கிட்டு நிக்கார்."