செல்லாத எட்டு எழுத்து

மஸ்கட்டில் வேலையிடத்தில் கோவர்த்தனன் மாரடைப்பில் இறந்து ஐந்து மாதம் கழித்து, அவனுடைய கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. அவனுக்குச் சேரவேண்டிய பணத்தை அனுப்ப, மனைவியின் வங்கிக் கணக்கு எண்ணும் அந்த வங்கியின் ஸ்விஃப்ட் கோடும் கேட்டிருந்தார்கள்.

அலர்மேல்மங்கை பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஐ.எஃப்.எஸ்.சி. என்று ஒன்று இருந்தது. ஸ்விஃப்ட் என்று எதுவும் இல்லை. சத்தியவேட்டுக் கிளையில் கேட்டதற்கு, அப்படி ஒன்று தங்களிடம் கிடையாது என்றார்கள்.

"நெட்ல கீது அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றான் கொழுந்தன் ஹரிபிரசாத். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை அவனுக்கு. அண்ணன் போன பிறகு அவ்வப்போது லீவு போட்டு, வாரிசுச் சான்றிதழுக்காகச் சித்தூர் வக்கீலிடம் நான்கு முறை அவளைக் கூட்டிப்போனவன் அவன்தான். போனில் தேடி ஒரு கோடு கண்டுபிடித்து, படிவத்தை நிரப்பி அனுப்பினான்.

மூன்றாம் தேதி பணம் அனுப்பியாயிற்று என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஒரு மாதமாகியும் கணக்கில் எதுவும் ஏறவில்லை. மகள் கீர்த்தியின் பள்ளியிலிருந்து கட்டணம் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் ஹரி புது வண்டி வாங்கியிருந்தான். தவணையில் வாங்கியது என்றான். அலர்மேல்மங்கை அதைக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஜயபுரத்திலிருந்து ஹரியின் மாமனார் கிருஷ்ணப்பா அவன் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அலர்மேல்மங்கை வாசலில் நின்று ஹரியைக் கேட்டுவிட்டாள்.

"உங்க அண்ணன் உசுரு போன துட்டு அது. யார் நம்பர எழுதிக் குடுத்த?"

"அண்ணி, உங்க நம்பரத்தான் எழுதினேன்."

"அப்போ துட்டு எங்க போச்சு? இந்த வண்டிக்குள்ள பூந்துடுச்சா?"

கிருஷ்ணப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அன்றிலிருந்து ஹரி அண்ணன் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

அடுத்த வாரம், ஹரி நிரப்பிய படிவத்தின் நகலோடு கம்பெனி அனுப்பிய தாள்களை எடுத்துக்கொண்டு அவளே திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். பெரிய கிளையில் நாகபூஷணம் என்ற அதிகாரி தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

"அக்கவுண்ட் நம்பர் உங்களுதேம்மா. பேரும் கரெக்ட். கோடுதான் தப்பு."

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முதல் நான்கு வங்கியின் பெயர். அடுத்த இரண்டு நாடு. அதற்கடுத்த இரண்டு ஊர். கடைசியில் மூன்று சேர்ந்தால் கிளை. ஐ.எஃப்.எஸ்.சி. இந்தியாவுக்குள் மட்டும்தான், வெளிநாட்டுப் பணத்துக்கு இதுதான் விலாசம். சின்னக் கிளைகளுக்கு இது இருக்காது, திருப்பதிக் கிளையுடையதைத்தான் கொடுக்க வேண்டும்.

"இதுல போட்டிருக்கறது பழைய பேங்க் கோடு. எங்க பேங்க் இன்னொண்ணோட சேந்துடுச்சில்ல, அப்பவே அது செல்லாமப் போச்சு. நெட்ல இன்னும் எடுக்காம வெச்சிருக்காங்க. துட்டு எங்கயும் போகாது, அனுப்பினவங்க கிட்டயே திரும்பிப் போகும்."

படிவ நகலில் அவள் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக, பெட்டிக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தான் ஹரி. சரியான கோடு எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோடு கம்பெனிக்குப் போய் மூன்று வாரத்தில், வங்கிப் பிடித்தம் போகப் பணம் வந்தது. உடனே ஹரிக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நான் கேட்டது தப்புடா."

"கோடு தப்பாப் போட்டது நான்தானே. வேலையில கீறேன் அண்ணி" என்று வைத்துவிட்டான்.

அவன் மாமனார் அவனிடம் பேசுவதில்லை என்று ஹரியின் மனைவி ரக்ஷிதா மூலம் தெரியவந்தது. மறுநாளே அலர்மேல்மங்கை விஜயபுரம் போனாள். வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பாவிடம் வங்கித் தாளை நீட்டினாள்.

"இத எதுக்கும்மா எனக்குக் காட்டற?"

"உங்க மருமவன் ஒரு ரூபா தொடல. நான்தான் அநியாயமாப் பேசிட்டேன்."

தெருவில் போனவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். கிருஷ்ணப்பா தாளை வாங்கி, படித்து முடிக்கும்வரை அவளை உட்காரச் சொல்லவில்லை. முடித்ததும் உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஹரி வந்தான். கீர்த்தியை வண்டியில் உட்காரவைத்து இரண்டு தெரு சுற்றிக் கொண்டுவந்து விட்டான். அலர்மேல்மங்கை இலை போட்டுக் கூப்பிட்டாள்.

"துன்னுட்டுத்தான் வந்தேன் அண்ணி" என்று வாசலிலேயே நின்றான்.