எண் சேராத போல்ட்

ஐஸ்கிரீம் வாளியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்ததும் போல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு விழுந்தன. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ரோண்டா இன்னும் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. கறுப்பு உடையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கிகளில் அதே எண் எதில் இருக்கிறதென்று தேடி மாட்ட வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் கட்டையும் குழாயும்தான். தோட்டாவை உள்ளே தள்ளுவதும் பூட்டுவதும் வெடிக்க வைப்பதும் அந்த இரும்புத் தண்டுதான்.

"இன்னும் முடியலையா? வெளியில எல்லாரும் குளிர்ல நிக்கிறாங்க" என்றான் டுவேன். அவள் தம்பி. ஒஹாயோவிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தான்.

"நீயும் ஒரு கை பிடிச்சா முடியும்."

"கழட்டினது யாரு? கழட்டினவங்களே மாட்டட்டும்."

எல்லாரும் என்று அவன் பெரிதாகச் சொன்னாலும் நின்றவர்கள் கொஞ்சம்தான். மான் வேட்டை தொடங்குகிற அன்று பென்சில்வேனியாவில் யாருக்கும் அடக்கம் நடக்கக் கூடாது. பாதிரியார் ஜெபம் சொல்லும்போதே மலைப்பக்கம் டுமீல் டுமீல் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் வேட்டைச் சட்டையை வண்டியில் தயாராக வைத்துக்கொண்டு வந்தவர்கள். கல்லறைவரை வந்ததே பெரிது என்பதுபோல் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு சேர்ந்து சுடுகிற கிழவர்கள் மட்டும் போகவில்லை. அவர்களில் ஒருவர் இறந்தால், அவருடைய துப்பாக்கிகளாலேயே மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குண்டு சுட்டு வழியனுப்புவார்கள். அதற்குத்தான் இந்த அவசரம்.

எல்லாமே ரஷ்யப் பட்டாளத்தின் பழைய துப்பாக்கிகள். சண்டையெல்லாம் முடிந்தபின் கிரீஸைப் பூசி, மரப்பெட்டியில் அடைத்து வைத்திருந்ததை யாரோ கப்பல் கப்பலாக அமெரிக்காவில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த நாட்களில் கடையில் பீப்பாய்க்குள் விறகு மாதிரி நிறுத்தி வைத்து விற்றார்கள். சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு நாள் கல் உடைத்தால் ஒன்று வாங்கிவிடலாம். அப்பா டெல்மர் அப்படித்தான் முதல் துப்பாக்கியை வாங்கினார். மலிவாயிற்றே என்று தொடங்கியது பிறகு பைத்தியமாகிவிட்டது. கிரீஸ் உருக வேண்டுமென்று இரும்பையெல்லாம் அம்மாவின் அடுப்பில் வைத்துச் சுடவைப்பார். அம்மா இருந்தவரை அந்த வீட்டில் வெந்த இறைச்சிக்கெல்லாம் ஒரு பட்டாள வாசனை உண்டு.

வாங்கும்போது அவர் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். போல்ட்டில் ஓர் எண்ணும் குழலில் வேறோர் எண்ணும் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார். "அடுத்தவன் பல்செட்டை எவனாவது வாயில வெச்சுப்பானா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொள்வார். சாயங்காலம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் மடியில் ஒன்று இருக்கும். போல்ட்டை இழுப்பார், தள்ளுவார், இழுப்பார். செய்தி வாசிப்பதே அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கேட்கும்.

வைத்தியம் போதும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னபிறகு ஒரு நர்ஸ் வந்துபோக ஆரம்பித்தாள். வந்த அன்றே, "வீட்ல துப்பாக்கி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் ரோண்டா. நர்ஸ் அப்பாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்த ஒரு பார்வை எதைக் கேட்டதென்று ரோண்டாவுக்குப் புரிந்தது. அப்பா செத்துப்போகலாம் என்று வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அழுததில்லை. மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது. ஆனாலும் மறுநாள் அவர் தூங்கும்போது எல்லாப் போல்ட்டையும் உருவி, வாளியில் போட்டு, நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவரால் படி இறங்க முடியாது.

எழுந்ததும் அவர் ஒரு துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்தார். கை பழக்கத்தில் போல்ட்டைத் தேடியது. அங்கே வெறும் ஓட்டை.

"எங்கடி?"

"நர்ஸ் சொன்னாங்கப்பா... வீட்ல இருக்கக் கூடாதுன்னு."

நர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்போ நான் அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சுட்டே. உங்கப்பனைப் பத்தி இவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கே."

அதுதான் அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது. நர்ஸிடம் பேசினார். பூனையிடம் பேசினார். ரோண்டாவின் கையால் மருந்தை வாங்கிக்கொள்வார், கண் மட்டும் ஜன்னலில் இருக்கும். ஒரு நாள் டுவேனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர், "உங்கக்காவைக் கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்லுடா" என்றார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதாள். வந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுட்டேம்ப்பா, மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் தலையைத் திருப்பிச் சுவரில் சாய்ந்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பவள் போல்ட்டைக் கொண்டு வந்து தர வேண்டியதுதானே. அதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. தப்பு என்று வாய் சொன்னது, கை கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவள் சூப் சுடவைக்கப் போயிருந்தபோது அவர் உயிர் போய்விட்டது.

"அந்த மனுஷனுக்குக் கடைசியா இருந்த சந்தோஷம் அது ஒண்ணுதான்" என்றான் டுவேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "அதையும் புடுங்கிட்டே. எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதாரு தெரியுமா? பெத்த பொண்ணே என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டான்னு."

"சரி, இதை வெளியில கொண்டு போ" என்று அவனிடம் இரண்டு துப்பாக்கிகளை நீட்டினாள். தானும் இரண்டை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால், குன்றின் அடியில் சங்கிலியில் ஓர் இரும்புத் தகடு தொங்கும். கிழவர்கள் அதற்கு எதிரே பலகை மேசையைச் சுற்றி நின்று, பச்சைத் தகர டப்பாவை வெட்டித் திறந்து தோட்டாக்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். லைல் மட்டும் தள்ளி நின்றார். முதல் துப்பாக்கியை வாங்கும்போதே அப்பாவோடு இருந்தவர். காது பாதி போய்விட்டது. ரோண்டா துப்பாக்கியைக் கொடுத்ததும், அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய காலுறையை எடுத்தார். அதற்குள் கனமாக ஏதோ இருந்தது.

"இதை உங்கிட்ட குடுத்துடறேன் பாப்பா. என் பையில கெடந்தா மனசு அறுக்குது."

காலுறைக்குள் ஒரு போல்ட் இருந்தது.

"இது எதுக்கு மாமா?"

"டெல்மர் போன வாரம் போன் பண்ணினான். ஒரு போல்ட் வேணும்னான். அவனோடது எங்கயோ தொலைஞ்சு போச்சாம்."

ரோண்டா அவர் காதருகே போனாள். சத்தமாகக் கேட்கவும் முடியாது, கேட்காமலிருக்கவும் முடியாது. "வேற என்ன சொன்னார்?"

"கண்ட போல்ட்டைப் போட்டுச் சுட்டா மூஞ்சியிலேயே வெடிக்கும்டா, அளவு பாக்காம சுடாதேன்னேன். சிரிக்கிறான். 'ஒரே ஒரு குண்டுதானே லைல், எண் சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன'ங்கிறான். யாரு, டெல்மர்! எண் சேரலேன்னா தொடமாட்டானே அவன். சீக்கு ஆளையே மாத்திடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். உங்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னான். அவ சும்மா பயப்படுவான்னான்."

அவள் காலுறையின் வாயை முறுக்கி மூடினாள்.

"வியாழக்கிழமை கொண்டாறேன்னு சொல்லியிருந்தேன். எனக்குக் காய்ச்சல், படுத்துட்டேன். அதுக்குள்ள போயிட்டான். சாகப்போற மனுஷன் வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டான், அதைக்கூட என்னால குடுக்க முடியல பாரு." கிழவரின் கண் நிறைந்துவிட்டது.

அப்படியானால் அவள் பயந்தது சரி. சரி என்று தெரிந்ததில் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். அதோடு விடாமல் அவளைக் குற்றவாளியாக்கி, அழவிட்டு, கெஞ்சவிட்டு, தண்ணீரைக்கூடத் தம்பி வழியாகக் கேட்டிருக்கிறார். அவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே லைலுக்குத் தொலைபேசி. அப்பா இறந்தபின் முதல் தடவையாக அவர்மேல் கோபம் வந்தது. நீங்கள் கொண்டுவராததே நல்லது மாமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லைல் கைக்குட்டையைத் தேடி எல்லாப் பைகளிலும் கை விட்டுக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்ல எப்படி வருவீங்க? விடுங்க மாமா. அவர் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டார்" என்றாள்.

காலுறையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் டுவேன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொல்றார் கிழவர்?"

"பழைய போல்ட் ஒண்ணு. அப்பாவுக்குக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தாராம்."

"பாத்தியா? அவருக்கு என்ன வேணும்னு ஊரானுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடவே இருந்தவளுக்குத் தெரியல. இப்பவாவது வாயைத் தொறந்து தப்புன்னு ஒத்துக்கோ அக்கா. அவரு ஆத்மா சாந்தியடையட்டும்."

ஒரு வார்த்தை போதும், டுவேன் வாயடைத்துப் போவான். அதன்பிறகு லைல் எப்படி வீட்டுக்குப் போய்ச் சேருவார் என்பதுதான் தெரியாது. டுவேனுக்கும் இன்று புதைத்த அப்பா இல்லாமல் வேறோர் அப்பா வந்துவிடுவார், அவள் பையில் இருக்கிற அப்பா.

"ஆமா. தப்புதான்" என்றாள்.

"சொல்லிட்டா ஆச்சா? எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவர் உசிரோட இருக்கும்போது..."

கிழவர்கள் வரிசையாக நின்று தகட்டை நோக்கித் துப்பாக்கிகளைத் தூக்கினார்கள். லைல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார். ரோண்டா பலகையிலிருந்து ஒரு காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் டுவேனின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவன் நிறுத்துகிற இடங்களிலெல்லாம் அவள் தலையை ஆட்டினாள்.